குறுக்கே வைத்த இறால்

ஜனவரி 2

இந்த டைரி எனக்குக் கிடைத்ததே ஒரு கலாட்டாவில்தான். எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான் டைரி. அட்டையில் பெரிதாக ஒரு இறால் படம் போட்டிருக்கும். இன்றைக்கு ஷைனி மேடம் கட்டோடு வந்தபோது கேட்டுவிட்டேன்.

"மேடம், இறாலுக்குச் சட்டையக் கழத்துறது நாங்க. படம் போட்ட பொஸ்தகம் மட்டும் அவியளுக்கா?"

"எழுதத் தெரியுமா அமலியக்கா?"

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனேன் மேடம். அதுக்கு மேல பள்ளிக்கூடம் என்னயத் தாங்கல."

சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் திணித்துவிட்டார். ஷைனி மேடம் நாகர்கோவில் பிள்ளை. கம்பெனியில் சுத்தம், சோதனை எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

என் பெயர் அமலோற்பவம். இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன், யாராவது தூக்கிக்கொண்டு போனால் திருப்பிக் கொடுக்கட்டும். தூத்துக்குடியில் திரேஸ்புரம். இறால் உரித்து, ஐஸில் உறைய வைத்து, கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் நாலாம் மேசை. எனக்கு நேர் எதிரே வேலுக்கனி. அவள் முகத்தைப் பார்த்த அளவுக்கு என் புருஷன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

புருஷன் பெயர் குரூஸ். துறைமுக யார்டில் குளிர்ப்பெட்டி கன்டெய்னர்களுக்குக் கரண்ட் பிளக் மாட்டிக் கழற்றுகிற வேலை பார்த்தவர். கண்ணில் புரை விழுந்து, போன மாதம் ஆபரேஷன் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சினிமாக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "யாரு வீட்டுல ஷூட்டிங்?" என்று கேட்டால் கோபம் வருகிறது.

ஜனவரி 9

ஒரு வாரம் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, முதுகு நரம்பை இழு, தட்டில் அடுக்கு. மறுபடி தலையைக் கிள்ளு.

இந்த மாதம் ஐரோப்பா ஆர்டர். இறால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்க வேண்டுமாம். தட்டில் வரிசையாக அடுக்கி, மேசை நம்பர் போட்ட சீட்டை ஓரத்தில் செருகி, ஐஸ் தண்ணீர் ஊற்றி அனுப்புவோம். அது உறைந்து பாளமாகி வரும். கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருக்கும்.

அடுக்கும்போது ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விழும். நாங்கள் அதை அப்படியே விட்டுவிடுவோம், ஐஸ் நிரம்பிவிடும். வேலுக்கனி விடமாட்டாள். சின்ன இறாலாகத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் குறுக்கே படுக்க வைப்பாள்.

"ஏட்டி, தொட்டில்ல போடுதியா? தாலாட்டும் பாடேன்" என்றேன் இன்று.

"காலியா இருந்தா கண்ண உறுத்துது யக்கா."

"திங்கிற வெள்ளக்காரன் ஒன் பேரச் சொல்லிக் கேக்கப்போறான் பாரு."

அவள் மகள் மதுரையில் நர்ஸ் படிக்கிறாள். ஹாஸ்டல். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. அவளுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பத்து விரல்தான், எனக்கும் அப்படித்தான் என்று வையுங்கள்.

ஜனவரி 12

வேலுக்கனியின் வலது கை ஆள்காட்டி விரலில் இறால் கொம்பு ஏறிவிட்டது. தலையில் ஊசி மாதிரி நிற்குமே, அது. யாருக்கும் ஏறுவதுதான். கிளவுஸ் போட்டிருக்கிறோமே என்று கேட்பீர்கள். கிளவுஸ் போட்ட விரலுக்கு நரம்பு பிடிபடாது, வழுக்கும். அதனால் நாங்கள் எல்லோரும் நுனியைக் கத்தரித்துவிட்டுத்தான் மாட்டுவோம். மேடத்துக்கும் தெரியும். கத்தரிக்காவிட்டால் வேலை பாதிதான் நடக்கும் என்பதும் தெரியும்.

எனக்கு ஏறினால் மூன்றாம் நாள் காய்ந்துவிடும். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. காயாது. நாள் முழுக்கக் கை ஐஸ் தண்ணீரில்.

காலையில் உள்ளே போகும்போது வாசலில் இரண்டு கையையும் மேடத்திடம் நீட்ட வேண்டும். முதலில் உள்ளங்கை, அப்புறம் திருப்பிப் புறங்கை. புண் இருந்தால் வீட்டுக்குப் போ. ஆறுகிற வரைக்கும் வராதே. வராத நாளுக்குக் கூலி கிடையாது.

இன்று வரிசையில் அவளுக்கு முன்னால் நான் நின்றேன். கையை நீட்டி, "மேடம், ரேகையப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டாங் கல்யாணம் உண்டா? இருக்கவருக்குக் கண்ணு தெரியல, இப்பவே பாத்து வச்சாத்தான் உண்டு" என்றேன். மேடம் தலையைக் குனிந்து சிரித்து முடிப்பதற்குள் வேலுக்கனி கையைக் காட்டின மாதிரி காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஒரு கைகாரிதான்.

ஜனவரி 17

பொங்கல் லீவு முடிந்து போனால் வேலுக்கனியின் விரல் வீங்கிப்போய் இருக்கிறது. நுனியில் சீழ். "லீவு போடுட்டி" என்றேன். "இந்த மாசம் பிள்ளைக்குப் பரீட்சைக்குக் கட்டணும் யக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை. இவருக்குக் கண்ணில் போடக் கொடுத்த களிம்பு மிச்சம் கிடக்கிறது. மாத்திரை மாதிரி மெத்தென்று இருக்கும், நுனியைக் கிள்ளிப் பிதுக்கினால் களிம்பு வரும். "கண்ணு ஒட்டுது, எனக்கு வேண்டாம்" என்று இவர் அடம்பிடித்து விட்டுவிட்டார். கண்ணுக்கே போடுகிறது. விரலை என்ன செய்துவிடப் போகிறது? டப்பாவோடு எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 20

களிம்பு நன்றாகக் கேட்கிறது. உடை மாற்றுகிற அறையில் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. எனக்கும் பெருவிரலில் ஒரு வெடிப்பு, நானும் போட்டுக்கொண்டேன். வேலுக்கனிக்குச் சீழ் வற்றிவிட்டது.

"டாக்டர் அமலோற்பவம்னு போர்டு போடு யக்கா."

"பீஸ எடுத்து வையி மொதல்ல."

வாசலில் இன்றும் ஒரு ஜோக். என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது. மேடம் சிரித்தார்.

ஜனவரி 24

கன்டெய்னர் ஏற்றிய நாள். வெள்ளைப் பெட்டி, ஒரு முனையில் மெஷின். கதவைத் திறந்தால் புகை மாதிரிக் குளிர் வந்து காலில் விழுகிறது. அட்டைப்பெட்டிகளை அடுக்கி முடித்ததும் கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

"நம்ம இறாலு கொழும்பு போவுது, செங்கடல் போவுது. நம்ம மதுரையத் தாண்டல" என்றேன்.

"கூடப் போறியா யக்கா? உள்ள எடம் இருக்கு" என்றாள் வேலுக்கனி.

"மைனஸ் பதினெட்டு. ஒங்க அண்ணன் கூட இருக்கதுக்கு அது எவ்வளவோ சூடு."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. விரல் காய்ந்து தோல் மூடிவிட்டது. களிம்பை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வரும் என்று பயம்.

பிப்ரவரி 5

ஞாயிறு. நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காய். இவர் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டார். "ஒன் பொட்டி இப்ப கொழும்புல பெரிய கப்பல் மாறிருக்கும். நல்ல பயகன்னா ரெண்டு வேளையும் குளிர் எவ்வளவுன்னு நம்பரப் பாத்து எழுதுவானுக. பொட்டி சத்தத்தக் கேட்டே நான் சொல்லுவேன், உள்ள உருகுதா இல்லையான்னு."

"எம் மனசு உருகுறது மட்டும் ஒமக்குக் கேக்காது" என்றேன்.

"அது உருகினாத்தான கேக்கும்?"

இன்றைக்கு அவர் ஜெயித்துவிட்டார். எழுதி வைக்கிறேன், அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

பிப்ரவரி 22

சாம்பல் புதன். கோயிலில் சாமியார் நெற்றியில் பூசின சாம்பலோடு வேலைக்குப் போனேன். வாசலில் மேடம் துடைக்கச் சொன்னார். துடைத்தேன்.

மார்ச் 2

கன்டெய்னர் அங்கே துறைமுகத்தில் நிற்கிறதாம். விடமாட்டேன் என்கிறார்களாம். இறாலில் ஏதோ மருந்து இருக்கிறதாம்.

எல்லோரும் பண்ணைக்காரரைத் திட்டினோம். குளத்தில் இறாலுக்குச் சீக்கு வந்தால் அவர்கள்தானே மருந்து கொட்டுவார்கள். நானும்தான் திட்டினேன். என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

மார்ச் 3

இன்று மேசைக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து மேடம் பேசினார். பண்ணைக் குளத்து இறாலையும் தண்ணீரையும் சோதித்தாயிற்று, சுத்தம். மருந்து எல்லாப் பெட்டியிலும் இல்லை. பாளத்துக்குள் இருக்கிற சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். நாலாம் மேசை.

மருந்தின் பெயர் நீளமானது, என் வாயில் நுழையவில்லை. அது ஒரு துளி இருந்தாலும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். மனிதருக்கே தீங்கு செய்யும் என்று அங்கே பயமாம். "காதுக்கு ஊத்துறது, புண்ணுக்கு வைக்கிறது, கண்ணுக்குப் போடுற களிம்பு, இதுலல்லாம் இருக்கும். யாராவது கையில போட்டுக்கிட்டு வேல பாத்தீங்களா?" என்று கேட்டார்.

சாக்கடைக் கம்பியில் ஒரு இறால் தலை மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரும்போதெல்லாம் அது ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலுக்கனியும் அதைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, தவக்காலம், மீன் கிடையாது. பருப்புக் குழம்பு வைத்தேன்.

மார்ச் 4

வீட்டைச் சுத்தம் பண்ணினேன். பழைய டப்பா, பழைய பாட்டில் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. மேசையடியில் எதையோ இவர் தேடிக்கொண்டிருந்தார். "என்ன தேடுறீரு?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

மார்ச் 6

வேலுக்கனி இப்போது நுனி கத்தரிக்காத கிளவுஸ் போட்டு வேலை பார்க்கிறாள். மெதுவாகத்தான் ஓடுகிறது. களிம்பை விட்டதும் விரல் திரும்ப வீங்கிவிட்டது.

"ஏட்டி, டாக்டர்ட்ட போ."

"போனா மருந்து போடுவாவ யக்கா. மருந்து போட்டா கையில இருக்கும். சோதிச்சா மாட்டிக்கிடுவேன்."

"அது வேற மருந்தாத்தான இருக்கும்?"

"எனக்கு எது எதுன்னு தெரியுமா?"

எனக்கும் தெரியாது. அடுத்த தலையைக் கிள்ளினேன்.

மார்ச் 7

நாலாம் மேசையை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர், மேடம், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய ஆள்.

என் முறை வந்தது. "கைய நீட்டுங்கம்மா" என்றார் பெரியவர். நீட்டினேன். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஒருத்தர் கையக் கேக்காவ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் லேசாகச் சிரித்தார். ஷைனி மேடம் என் கையைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். போகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பிறகு வேலுக்கனி.

வெளியே வந்தவள் நேராக உடை மாற்றுகிற அறைக்குப் போனாள். தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தாள். ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

பின்னால் போனேன். "என்னட்டி சொன்ன?"

"நாந்தான் போட்டேன்னு சொன்னேன். மருந்துக்கடையில வாங்குனேன்னு சொன்னேன்."

"வேலு…"

"உரிக்கிற ஷெட்டையே மூடப் பாத்தாவ யக்கா. அவியளுக்கு யாராவது ஒராளு வேணும். ஒளிக்கவும் முடியாது, விரல்தான் காட்டிக்குடுத்துட்டே. நீ உள்ள போ, இறால் காயுது."

போனேன்.

அவள் இடத்தில் ஆள் இல்லாமல் மேசை ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. இன்று குழம்பில் உப்பில்லை என்று இவர் சொன்னார். போட்டேன் என்றுதான் ஞாபகம்.

மார்ச் 8

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 11

ஷைனி மேடம் கூப்பிட்டு விட்டார். இனிமேல் காலையில் வாசலில் நின்று கை பார்க்கிற வேலை எனக்காம். "எல்லாருக்கும் உங்களைப் பிடிக்கும். உங்ககிட்ட ஒளிக்கமாட்டாங்க" என்றார். உரிக்க வேண்டாம். உட்கார நாற்காலி உண்டு. கூலியிலும் கொஞ்சம் ஏற்றம்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 13

கை பார்த்தேன். ஒருத்தியாவது என்னிடம் ஜோக் அடிப்பாள் என்று பார்த்தேன். எல்லோரும் நீட்டினார்கள், திருப்பினார்கள், போனார்கள்.

மார்ச் 15

தாளமுத்துநகருக்குப் போனேன். வேலுக்கனி வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம், மதுரையிலிருந்து மகள் வந்துவிட்டாளாம். கொண்டுபோன வாழைப்பழத்தை அங்கேயே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விரல் கறுத்துவிட்டது. அடுத்த விரலுக்கும் ஏறிவிட்டது. மகள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தபடி இருந்தாள். "ரெண்டு விரல எடுக்கணும்கிறாங்க பெரியம்மா. லேட்டா வந்துட்டாங்க. நான் தினம் போன்ல கேட்டேன், ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. வீட்டுல ஒருத்தி நர்ஸ் படிக்கேன்" என்றாள். அப்புறம் அழுதாள். அழுதுவிட்டு டீ வாங்கப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம்.

"வேலு, நான் மேடத்துட்ட போயிச் சொல்லப்போறேன்."

"என்னன்னு?"

"அந்தக் களிம்பு…"

"வாய மூடு." இப்படி அவள் என்னிடம் பேசினதே இல்லை. "சொன்னா என் விரலு திரும்ப வருமா? ரெண்டு வீட்டுல அடுப்பு அணையணுமா? அண்ணனுக்குக் கண்ணு வேற சரியில்ல." அப்புறம் மெதுவாக, "நீ நல்லதுக்குத்தான குடுத்த" என்றாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 17

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 26

இவர் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டு விசாரித்தார். கன்டெய்னரைத் திருப்பி அனுப்புகிறார்களாம், தூத்துக்குடிக்கே. வந்த வழியே.

"அம்புட்டு தூரம் போயிட்டு வருதே, இறாலு கெட்டுருக்காதா?" என்றேன்.

"பொட்டி ஓடிக்கிட்டிருந்தா ஒண்ணும் ஆகாது பிள்ள. போகும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்."

அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தக் களிம்பு டப்பாவ நீ எங்க கொண்டு போனன்னு நான் கேக்கமாட்டேன்" என்றார்.

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9

ஈஸ்டர். கோழி அடித்தோம். வேலுக்கனிக்கு ஒரு தூக்குவாளியில் கொண்டுபோனேன். கையில் பெரிய கட்டு. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள், சோறு மடியில் விழுந்தது. நான் பிசைந்து கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள். கூட்டிப் பெருக்குகிற வேலையாவது கம்பெனியில் கேட்டுச் சொல் என்றாள்.

ஏப்ரல் 12

கேட்டேன். வேலுக்கனியைக் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடக் கூடாதாம். மேலே இருந்து உத்தரவாம்.

ஏப்ரல் 25

கன்டெய்னர் வந்துவிட்டது. அதே வெள்ளைப் பெட்டி. பக்கவாட்டில் துரு கூடியிருந்தது. மெஷின் அதே உறுமல்.

கம்பெனிக்குப் பின்னால் ஜேசிபி வைத்துக் குழி வெட்டியிருந்தார்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பாளங்களைக் குழியில் போட வேண்டும், மேலே பிளீச்சிங் பவுடர், அப்புறம் மண். கவர்ன்மெண்ட்டிலிருந்து ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிரிக்கிற வேலைக்கு நாலாம் மேசையை அனுப்பினார்கள். கை பார்க்கிறவள் போக வேண்டாம் என்றார் மேடம். நான் போனேன்.

பிரித்த முதல் பெட்டியே எங்கள் பெட்டி. பாளத்தைக் கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு இறால்கூட நிறம் மாறவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தன. உள்ளே சீட்டில் நாலு என்று தெளிவாகத் தெரிந்தது.

ஓரத்தில், அந்த ஒரு விரல் இடைவெளியில், ஒரு சின்ன இறால் குறுக்கே படுத்திருந்தது.

அடுத்த பாளத்திலும். அதற்கடுத்ததிலும். எதில் அவள் கை பட்டது, எதில் படவில்லை என்று எடுத்ததுமே தெரிந்தது. அந்த விரல்கள் எங்கே போட்டார்களோ, யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் குப்பையோடுதான் போட்டிருப்பார்கள். அவை அடுக்கி வைத்தது மட்டும் கடல் எல்லாம் சுற்றி, நேற்று வைத்த மாதிரியே வந்து நிற்கிறது.

கை மரத்துப்போகிற வரைக்கும் ஒரு பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "அமலியக்கா, போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். போட்டேன். உடையவில்லை. மற்றதன்மேல் விழுந்து கல் மாதிரிச் சத்தம் போட்டது.

பிளீச்சிங் பவுடர் நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அதில் ஒரு வசதி.

திரும்பும்போது மேடம் கூடவே வந்தார். சொல்லிவிட்டேன். "மேடம், அந்தக் களிம்பு எங்க வீட்டுது."

அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படி மேடம்?"

"ஜனவரியில உங்க பெருவிரல் மினுங்குச்சு. தேங்காயெண்ணெய்னு நினைச்சேன். அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நீங்க கையை நீட்டினப்போ வெடிப்பு ஆறின தடம் தெரிஞ்சது."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஒரு ஆள் போதும்னு மேலே சொல்லிட்டாங்க. ரெண்டு பேர்னா வழக்கம்னு ஆயிரும், ஷெட்டையே மூடியிருப்பாங்க." கொஞ்ச தூரம் போய், "வாசல்ல நின்னு கை பாத்தது நான்தானே அமலியக்கா? நீங்க சிரிக்க வச்சீங்க, நான் சிரிச்சேன்" என்றார்.

அந்தப் பிள்ளை முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தூங்கி ரொம்ப நாளான முகம்.

ஏப்ரல் 27

எனக்கு ஏன் நாற்காலி கொடுத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. ஒளித்தவளுக்குத்தான் ஒளிக்கிற கை தெரியும்.

புதிதாக வந்த ஒருத்தி இன்று இடது கையை மட்டும் நன்றாக நீட்டினாள், வலது கையைப் பாதி நீட்டினாள். முழுதாக நீட்டச் சொன்னேன். கொம்பு ஏறியிருக்கிறது. "யக்கா, யக்கா" என்றாள். மற்றதைச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். "இவ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டட்டும் மேடம், கூலியோட. வீட்டுக்கு அனுப்புனா நாளைக்கு ஒளிச்சிக்கிட்டு வருவா. நாங்க வந்தோம்லா" என்றேன்.

மேடம் அவள் விரலைத் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கு ஒட்டட்டும். நாளைக்கு நான் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நாளை என்ன ஆகும் என்று தெரியாது. இன்று ஒட்டினாள்.

ஏப்ரல் 30

ஞாயிறு. பூசை முடிந்து நேராக வேலுக்கனி வீட்டுக்குப் போனேன். மகள் மதுரைக்குத் திரும்பிவிட்டாள், பரீட்சை. கட்டுப் பிரித்தாயிற்று. கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொட்டி வந்த கதையைச் சொன்னேன். குழியைச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டாம் என்று நினைத்துப் போனேன், அதையும் சொல்லிவிட்டேன். "ஒன் இறாலப் பாத்தேன் வேலு. குறுக்க வச்சது."

"உருகலையா?"

"இல்லட்டி. அப்படியே இருந்துச்சு."

"எல்லாத்துலயுமா?"

"ஒன் கை பட்ட எல்லாத்துலயும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "என்ன செஞ்சிய?"

"குழியில போட்டோம்."

வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

அப்புறம் அவள் சேலைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். முதலில் உள்ளங்கை. அப்புறம் திருப்பிப் புறங்கை. வாசலில் நீட்டுகிற மாதிரியே, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"நீதான இப்ப கை பாக்குறவ? பாத்துச் சொல்லு. உள்ள விடுவியா?"

உதடு சிரித்தது. என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டாள். இத்தனை நாளும் நான் அவளுக்காக வாசலில் செய்ததை அவள் எனக்காகச் செய்தாள். பதிலுக்கு எறிய என்னிடம் எப்போதும் ஒன்று இருக்கும். இன்று வாய்க்குள் தேடினேன், ஒன்றும் இல்லை.

கையைப் பிடித்தேன். நகத்தைப் பார்த்தேன். இருக்கிற விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லாத இடத்தில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தேன். புண் இல்லை. நன்றாக ஆறியிருக்கிறது.

"போ, உள்ள போ" என்றேன்.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். தீப்பெட்டி இரண்டு முறை கீழே விழுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை நான். மூன்றாம் முறை அடுப்பு பற்றிக்கொண்டது. டீயை ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். கொஞ்சம் தளும்பிக் கீழே சிந்தியது.

சர்க்கரை கூடிப்போய்விட்டது. அதைச் சொல்லித் திட்டினேன். குடித்தேன்.

நாளை மே தினம், கம்பெனி லீவு. மறுநாள் காலையில் வாசலில் நிற்க வேண்டும்.